மாரிக்கு முன் வளவு

கல்லூரி மலரொன்றிலே கல்வியும் சமயமும் விளையாட்டும் பேசப்படுதல் வழக்கம். கிணறும் வேலியும் வாழைக்குழியும் பேசப்படுதல் அரிது. ஆயினும் இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர்களுட் பெரும்பாலோர் கரவெட்டியிலோ அயலூர்களிலோ ஒரு வளவிற் பிறந்து, அவ்வளவின் கிணற்று நீரைக் குடித்து, அதன் முருங்கையையும் மரவள்ளியையும் உண்டு வளர்ந்தவர்களே. ஆதலின், மாரிக்கு முன்னர் ஒரு வீட்டு வளவை எங்ஙனம் ஆயத்தஞ் செய்தல் வேண்டுமென விளக்கும் இக்கட்டுரை அவர்களுக்குப் புறம்பான பொருளாகாது என நம்புகின்றோம்.

இன்று நம் பழைய மாணவர் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அவர்கள் தத்தம் தோட்டங்களைப் பனிக்காலத்துக்கென அடக்கி வைக்கின்றனர். டேலியாக் கிழங்குகளை அகழ்ந்தெடுத்து உள்ளே வைப்பர். செடிகளின் அடியிற் சருகு பரப்புவர். தோட்டத்து நீர்க்குழாய்களை வடித்து அடைப்பர். அங்கே அது தோட்டம் உறங்கப் போகுங் காலம். அதே மாதங்களில் இங்கே நிகழ்வதோ முற்றிலும் மாறானது. சோழகம் ஓய்ந்து, வானங் கறுத்து, வாடைக்காற்று எழ, கோடையில் வாடிக் கிடந்த வளவு கண் விழிக்கின்றது. அங்குள்ளோர் குளிருக்கு அஞ்சித் தோட்டத்தை மூடுகின்றனர். நாமோ மழைக்கு அதனைத் திறந்துவிடல் வேண்டும். எங்ஙனம் திறப்பது என்பதே ஈண்டு யாம் விளக்க எடுத்துக்கொண்ட பொருள்.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. தொண்டைமானாறு என நாம் அழைப்பதும் நீரேரி கடலோடு கலக்கும் வாயேயன்றி, மலையிற் பிறந்துவரும் ஆறன்று. நம் காலடியிற் பரந்து கிடப்பது சுண்ணக்கல். வெடிப்பும் துளையும் நிறைந்த அக்கல்லினுள் மழைநீர் இறங்கித் தங்குகின்றது. தங்கிய நன்னீர், கீழேயுள்ள உவர்நீரிலும் பாரங் குறைந்ததாதலால், அதன்மேல் ஒரு கண்ணாடி வில்லையைப் போல மிதக்கின்றது. நம் கிணறுகளெல்லாம் அவ்வில்லையைத் தொட்டு நிற்பவையே.

இதிலே ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கண்ட விதி. இவ்விதியை மறுபுறமாகவும் நோக்குதல் வேண்டும். மேலே நீர்மட்டம் ஓரடி குறையுமாயின், கீழே உவர்நீர் அதனைப்போல நாற்பது மடங்கு மேலெழுவதற்கு இடமுண்டாகும். எனவே மாரியில் நிலத்துள் இறங்காது ஓடிப்போன ஒவ்வோரங்குல நீரும் கோடையில் நம் கிணற்றின் சுவையிலே கணக்குத் தீர்த்துக்கொள்ளும்.

குடாநாட்டின் ஆண்டு மழை சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவினது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிற் பெய்து முடிகின்றது. நான்கு பரப்பு வளவொன்றை எடுத்துக்கொள்வோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கராதலால், இது ஏறத்தாழ 1,000 சதுர மீற்றராகும். இவ்வளவின் மீது ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 1,000 லீற்றர். மூன்று மாதத்தில் 850 மில்லிமீற்றர் பெய்யுமாயின் எட்டரை இலட்சம் லீற்றர். 5,000 லீற்றர் கொள்ளும் தண்ணீர்ப் பவுசர் ஒன்று நூற்றெழுபது தடவை வந்து கொட்டுதற்கு இது சமமாகும். அத்தனையும் விலையின்றி, வாயிலுக்கே வருகின்றது. அதில் ஒரு பங்கு ஆவியாகும். ஒரு பங்கை மரஞ்செடிகள் பருகும். எஞ்சியது நிலத்துள் இறங்குமா, ஒழுங்கைக்கு ஓடுமா என்பது பெரிதும் நம் கையிலேயே உள்ளது.

1950களிலே பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னுந் திட்டமும், தொண்டைமானாற்றில் உவர்நீரைத் தடுக்கக் கட்டிய அணையும் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டன. மாரிநீரைக் கடலுக்கு விடாது குடாநாட்டில் நிறுத்தினால் நிலத்தடி நீர் இனிமையுறும் என்பதே அத்திட்டத்தின் சாரம். அது முழுமையாக நிறைவேறவில்லை. ஆனால் அதன் சிறு வடிவத்தை ஒவ்வொரு குடும்பமும் தன் வேலிக்குள்ளே நிறைவேற்றலாம். அதற்கு அரசின் ஆணை வேண்டுவதில்லை. ஒரு மண்வெட்டியும் சில காலைப்பொழுதுகளும் போதும்.

இனிச் சொல்லப்போவன அனைத்தும் ஒரே விதியில் அடங்கும்: நிற்கும் நீர் கெடுக்கும், இறங்கும் நீர் காக்கும். மரத்தடியிலும் முற்றத்திலும் நீர் நின்றால் வேர் அழுகும், நுளம்பு பெருகும். அதே நீர் நிலத்துள் இறங்கினால் மரமுங் கிணறும் வாழும். மாரி ஆயத்தமென்பது முன்னதைத் தவிர்த்துப் பின்னதைப் பெருக்குதலேயாகும்.

நீரின் வழி

முதல் வேலை மண்வெட்டிக்கு அன்று, கண்ணுக்கு. புரட்டாதியிலே ஒன்றிரண்டு மழை பெய்தல் உண்டு. அப்பொழுது திண்ணையிலிருந்து பாராது, குடையோடு வளவைச் சுற்றி நடந்து, நீர் எங்கே விழுந்து, எவ்வழி ஓடி, எங்கே தேங்கி, எவ்விடத்தால் வெளியேறுகின்றது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இந்த அரைமணி நேர நடை, பின்னர் செய்யும் வேலையிற் பாதியைக் குறைக்கும்.

கூரையிலிருந்து விழும் நீரே வளவின் பெருஞ்செல்வம். பீலிகளிற் கோடை முழுதும் சேர்ந்த வேப்பிலையையும் சருகையும் நவராத்திரிக்கு முன்னரே அகற்றிவிடல் வேண்டும். பீலியிலிருந்து இறங்கும் நீரை ஒழுங்கைக்கு விடாது, வளவின் ஒருபால் வெட்டிய கிடங்கொன்றுக்குச் செலுத்தலாம். நாலடி நீளம், நாலடி அகலம், மூன்றடி ஆழமுடைய கிடங்கில் அடியிற் கல்லும், அதன்மேற் சரளையும், மேலே மணலும் இட்டால் நீர் தெளிந்து இறங்கும். இக்கிடங்கு மலக்குழிக்கு அண்மையில் அமைதல் ஆகாது. வீட்டின் அத்திவாரத்தையும் ஒட்டியிருத்தல் ஆகாது. கூரைநீரை நேரே கிணற்றில் விழவிடுவாரும் உளர். பறவை எச்சமும் தூசியும் உடன் சேர்வதால் அது தகாது. மண்ணே மிகச் சிறந்த வடிகட்டி. அதனூடே செல்லவிடுதலே முறை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். மேட்டுக் காணிக்கு ஏற்றது பள்ளக் காணிக்கு ஏற்றதன்று. வயல்வெளியை அடுத்த தாழ்ந்த வளவுகளிற் கார்த்திகை நடுப்பகுதியில் நிலத்தடி நீரே மேலெழுந்து கிடங்கை நிரப்பிவிடும். அத்தகைய வளவினர் கிடங்கு வெட்டுவதிலும் பார்க்க, மேடை கட்டி அதன்மேற் பயிர் வைத்தலும், நீர் செல்லும் வாய்க்காலைத் துப்புரவாக வைத்தலுமே நன்று. மேட்டு வளவினர் தம் நீரைத் தம்முள்ளே இறக்கிக்கொண்டால், பள்ளத்தில் இருப்போரின் வெள்ளம் அந்த அளவுக்குக் குறையும் என்பதும் நினைக்கத்தக்கது.

முற்றத்தைச் சீமெந்தினாலும் கற்பலகைகளினாலும் முழுதும் மூடிவிடும் வழக்கம் அண்மைக்காலத்தில் ஊரிற் பெருகியுள்ளது. கூட்டுவதற்கு எளிது, பார்வைக்கு அழகு என்பர். ஆனால் மூடிய முற்றம் ஒரு துளி நீரையும் விழுங்காது. முழுவதையும் அயலானுக்கும் ஒழுங்கைக்கும் தள்ளிவிடும். நடைபாதைக்கு வேண்டிய அளவு மட்டும் மூடி, மற்றையதை மணலாகவோ புல்லாகவோ விட்டுவிடுதல் வளவுக்கும் ஊருக்கும் நன்மை பயக்கும்.

மரங்கள்

எம்முடைய வளவிலே முன்னர் ஒரு தேசிமரம் நின்றது. கோடையில் நாள்தோறும் நீர் வார்ப்பதற்கென அதன் அடியைச் சுற்றி ஆழமாகப் பாத்தி கட்டியிருந்தோம். மாரி வந்தது, பாத்தியை அப்படியே விட்டுவிட்டோம். அயல்வளவுப் பெரியவர் ஒருவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “தம்பி, கோடையிலை கட்டின பாத்தியை மாரியிலை உடைக்கவேணும்” என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்றிருந்தோம். கார்த்திகை முழுதும் மரம் நீரில் நின்றது. தையில் இலை மஞ்சளித்தது. பங்குனியில் மரம் பட்டுப்போயிற்று. எட்டாண்டு வளர்ந்த மரத்தை அரைமணி நேர வேலையைத் தள்ளிப்போட்டதனால் இழந்தோம். அப்பெரியவர் மீண்டும் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் வளவிலிருந்து ஒரு தேசிக்கன்றை மட்டும் கொண்டுவந்து தந்தார்.

ஆதலின், தேசி, தோடை, மாதுளை, பலா, பப்பாசி ஆகியவற்றின் அடிப்பாத்திகளை ஐப்பசி பிறக்குமுன் உடைத்து, மண்ணை அடிமரத்தை நோக்கி அணைத்து, குழியைக் குன்றாக மாற்றிவிடல் வேண்டும். வேரும் மூச்சு விடுகின்றது. மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து காற்று வெளியேறினால் அது மூச்சுத் திணறி அழுகுகின்றது. இவற்றுட் பப்பாசி மிக மெலியது. இரண்டு மூன்று நாள் நீர் நின்றாலே சரிந்துவிடும். தென்னை, பனை ஆகியன ஓரளவு தாங்கும்.

தென்னந்தோட்டம் உடையோர் மழை தொடங்குமுன் மரத்திலிருந்து சில அடி தள்ளிக் கிடங்கு வெட்டி, பொச்சுமட்டைகளை உட்புறம் மேல்நோக்க அடுக்கி மூடுவர். மட்டை மாரிநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் வேருக்குச் சிறிது சிறிதாக அளிக்கும். இது நம் முன்னோர் கண்ட நல்முறை.

அடுத்துக் காற்று. 1964 டிசம்பர் 22, 23ஆந் தேதிகளில் வடபகுதியைத் தாக்கிய புயலை முதியோர் இன்றும் மறந்திலர். தனுஷ்கோடியை அழித்ததும் அப்புயலே. 2008 நவம்பரில் நிஷா புயல் கொணர்ந்த மழையிற் குடாநாடே வெள்ளக்காடாயிற்று. ஆதலாற் கூரைமேற் சாய்ந்த கிளைகளையும், காய்ந்த தென்னோலைகளையும், முற்றிய தேங்காய்களையும் காற்று இறக்குமுன் நாம் இறக்கிவிடல் வேண்டும். முருங்கை எளிதில் முறியும் மரம். மாரியில் மயிர்க்கொட்டியும் அதிலே அடைசலாக வந்து சேரும். ஐப்பசிக்கு முன் அதன் கொப்புகளைத் தறித்துவிட்டால் இரண்டு தொல்லையும் ஒழியும். தறித்த தடிகளை நட்டால் மழையோடு புதுக்கன்றுகளும் கிடைக்கும். தளிர்த்த மரமோ கோடையில் நிறையக் காய்க்கும். குலை தள்ளிய வாழைக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்தல் வேண்டும். பக்கக்கன்றுகளில் ஒன்றிரண்டை விட்டு ஏனையவற்றைப் பெயர்த்துப் புதிய குழிகளில் நடுதற்கும் இதுவே காலம்.

மா, பலா முதலிய புதுக்கன்றுகளை நட விரும்புவோர் ஒரு மாதம் முன்னதாகவே குழி வெட்டி, குழையும் எருவும் இட்டு ஆறவைத்து, முதன்மழை மண்ணை நனைத்தபின் நடுவாராயின், மூன்று மாதம் நீர் வார்க்கும் வேலையை வானமே ஏற்றுக்கொள்ளும்.

குழையும் பசளையும்

நம் ஊரில் ‘குழை தாழ்த்தல்’ என ஒரு வழக்கம் பன்னெடுங்காலமாக உண்டு. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, காவிளாய் முதலியவற்றின் குழைகளை வெட்டி மண்ணிற் புதைத்தலே அது. பிரித்த வேலியின் பழைய பனையோலையும் அவ்வாறே மண்ணுட் போயிற்று. வேலியாக நின்ற ஓலை அடுத்த ஆண்டு எருவாகி, அதற்கடுத்த ஆண்டு கத்தரிக்காயாகி வீட்டுக்கே திரும்பி வந்தது. இவ்வழக்கத்தின் பயன் உணவூட்டம் மட்டுமன்று. உக்கிய குழை சேர்ந்த மண் பொருபொருவென இருக்கும். மழைநீரை விரைந்து விழுங்கும். கோடையில் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். குழை தாழ்த்த மண்ணே வளவின் முதற் குளம் எனலாம்.

ஆதலாற் சருகையுங் குழையையும் எரித்தல் தகாது. வளவின் ஓரத்திற் சிறிது உயர்ந்த இடத்தில் அவற்றைக் குவித்து, இடையிடையே சாணமும் மண்ணும் பரப்பி, அடைமழை ஊறாதவாறு கிடுகினால் மூடிவிட்டால், மாரி முடிவிற் கறுத்த எரு ஆயத்தமாயிருக்கும். திறந்து விட்ட எருக்குவியலின் சாரமோ மழையோடு கரைந்து போய்விடும்.

செயற்கைப் பசளையைப் பற்றியும் ஒரு சொல். மழைக்கு முன் யூரியாவைத் தூவினாற் பயிர் செழிக்கும் என எண்ணுவோர் பலர். யூரியா மண்ணிலே நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்று நீரில் எளிதிற் கரையும். கனமழை பெய்யுங்காற் பயிர் உறிஞ்சுவதற்கு முன் அது சுண்ணக்கல்லின் வெடிப்பினூடே கிணற்றை அடைந்துவிடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மீறப்பட்டிருப்பதை 1980கள் தொட்டு ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. பாற்பொடி கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு அந்நீர் பேராபத்து. குருதி உயிர்வளியைச் சுமக்குந் திறனை இழக்க, உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். எனவே கனமழைக் காலத்திற் செயற்கைப் பசளையைத் தவிர்த்து, மழை தணிந்தபின் வேண்டிய அளவே சிறிது சிறிதாக இடுதல் அறிவுடைமை.

வேலியும் மதிலும்

கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகள் இன்று மதில்களாகி வருகின்றன. மதில் காவலானதே, மறுக்கவில்லை. ஆயின் வேலி செய்த வேலைகள் பலவற்றை மதில் செய்யாது. வேலி குழை தந்தது. ஆட்டுக்குத் தீன் தந்தது. மாரி தொடங்கியதும் அதிலே முசுட்டை படர்ந்து ஒரு நேரக் கறி தந்தது. இவை யாவற்றினும் மேலாக, வெள்ளத்துக்கு வழி விட்டது. மதிலோ வெள்ளத்தை மறித்து அயல்வளவிற் குளமாக்குகின்றது. மாரி தோறும் ஒழுங்கைகளிற் கேட்கும் பிணக்குகளிற் பல இம்மதில்களின் அடியிலேயே பிறக்கின்றன.

மதில் கட்டியோர் நீரோடும் இடங்களில் அடியோடு துவாரங்கள் விட்டு, ஆண்டுதோறும் புரட்டாதியில் அவற்றின் அடைப்பை நீக்குதல் கடமை. வேலி உடையோருக்கோ இது கதியால் நடுங் காலம். விரற்பருமனுக்கு மேற்பட்ட முற்றிய தடிகளைத் தெரிந்து, அடிநுனியைச் சரிவாக வெட்டி, மேல்நுனியிற் சாணம் அப்பி, ஒரு முழ ஆழத்துக்கு அலவாங்காற் குழியிட்டு நட்டால், ஐப்பசி மழையில் வேரூன்றிவிடும். மதில் உள்ளவரும் அதன் உட்புறமாக ஒரு வரிசை கிளுவையோ சீமைக்கிளுவையோ நட்டுக்கொள்ளலாம், குழைக்குக் குறைவிராது.

விதையும் நாற்றும்

மாரிக்கு முன் விதைப்பனவற்றுள் முதலிடம் பெறத்தக்கது பனங்கொட்டையே. ஆவணி, புரட்டாதியிற் பழம் விழுந்து முடிய, கொட்டைகளைச் சேர்த்து, பொருபொருத்த மண்ணாலோ மணலாலோ உயர்த்திய பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடிவிட்டால், மாரிநீரே அவற்றை வளர்க்கும். தை, மாசியிற் பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுத்து, அவித்துண்ணலாம். ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் உலர்த்தி ஆண்டு முழுதும் வைத்துக்கொள்ளலாம். பாத்தி உயர்ந்திருத்தல் முக்கியம். பள்ளத்தில் இட்ட கொட்டை அழுகும்.

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றின் விதைகளை ஐப்பசியில் நாற்றுமேடையில் இடலாம். மேடை தரையிலிருந்து அரையடியாவது உயர்ந்திருக்கட்டும். நாலு மூலையிலும் தடி நாட்டி மேலே கிடுகு போட்டால், பெருந்துளிகள் இளநாற்றை அடித்துச் சாய்க்கா. மழை இல்லாப் பொழுதிற் கிடுகை விலக்கி வெயில் காட்டுதல் வேண்டும். அன்றேல் நாற்று நெடிதுயர்ந்து மெலியும். கார்த்திகை விளக்கீடு கழிந்து மழை தணியத் தொடங்க, நாற்றைப் பிடுங்கி நடலாம். கோவா, பீற்றூட், கரட் என்பன மார்கழி, தை மாதத்துக் குளிர்ச்சியை விரும்புவன. நமக்குக் கிடைக்கும் ‘பனிக்காலம்’ அவ்வளவே. கீரை விதை மிகச் சிறிது. அடைமழையில் அள்ளுண்டு போகும். சற்றுப் பொறுத்தல் நன்று. வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரத்திலே களிப்பவை. கிணற்றடியில் நீர் வடியும் ஓரத்தில் அவற்றை நட்டுவிட்டால் வேறு பேணல் வேண்டுவதில்லை.

இத்தகைய சிறு தோட்டத்தால் என்ன பயன், சந்தையில் யாவும் கிடைக்குமே என வினவுவோர்க்கு நம் ஊரின் வரலாறே விடை கூறும். போர்க்காலத்திற் பொருட்கள் தடைப்பட்ட நாட்களில் வளவின் மரவள்ளியும் முருங்கையும் பனங்கிழங்குமே பல குடும்பங்களின் பசியை ஆற்றின. 2021இல் அரசு செயற்கைப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்த, அடுத்த ஆண்டிலே பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து வர, அரச ஊழியர் வீட்டில் உணவுப்பயிர் செய்வதற்கென 2022 ஜூனில் வெள்ளிக்கிழமை விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. நெருக்கடி வந்தபின் விதைப்பதற்கு நாட்கள் வேண்டும். மாரிதோறும் விதைப்பவனுக்கு அந்நாட்கள் கையில் இருக்கும்.

கிணறும் உடல்நலமும்

கிணற்றுக் கட்டில் வெடிப்பிருந்தால் மாரிக்கு முன் பூசிவிடல் வேண்டும். கட்டைச் சுற்றியுள்ள தளம் வெளிப்புறஞ் சரிந்திருத்தல் வேண்டும். வெள்ளநீர் கிணற்றுள் வழிந்து புகுதல் ஆகாது. வெள்ளம் புகுந்துவிட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிவுரைப்படி குளோரின் இட்டபின்னரே அந்நீரைப் பயன்படுத்தல் வேண்டும். குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தல் வேண்டும்.

சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர், உடைந்த வாளி, பூச்சட்டியின் அடித்தட்டு ஆகிய யாவும் நுளம்பின் தொட்டில்கள். டெங்குக் காய்ச்சல் குடாநாட்டில் மாரியை அடுத்தே மிகுதியாகப் பரவுகின்றது. கிழமைக்கொருமுறை, ஞாயிறு காலையிலேனும், வளவைச் சுற்றி வந்து இவற்றைக் கவிழ்ப்பதை வீட்டுச் சிறாரின் கடனாக்கலாம். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாண மாவட்டத்திற் பரவி உயிர்களைப் பறித்தது. எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீர், காலிலுள்ள சிறு காயத்தினூடே இந்நோயைத் தரும். மழைக்காலத் தோட்டவேலைக்குக் காலணியின்றி இறங்காதிருத்தலும், காயங்களை மூடிக்கொள்ளுதலும், காய்ச்சல் கண்டதும் தாமதியாது வைத்தியரிடம் சென்று தாம் செய்த வேலையைக் கூறுதலும் உயிர் காக்கும் செயல்களாம்.

விறகுக் குவியலையும் ஓலைக் குவியலையும் வீட்டுச் சுவரை விட்டு அகற்றி, நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குக. புற்றுகளிலும் பொந்துகளிலும் வெள்ளம் புக, பாம்புகள் உலர்ந்த இடந்தேடி வரும். இரவில் விளக்கின்றிக் கோடிப்புறஞ் செல்லற்க. ஆபிரிக்க நத்தைகள் மழையோடு வெளிப்பட்டு நாற்றுகளை ஓரிரவில் மொட்டையடிக்கும். அந்தி மயங்கிய பின் விளக்குடன் சென்று, கையுறையோ பையோ அணிந்து பொறுக்கி, உப்புநீர் நிறைந்த வாளியில் இட்டு அழித்தலே நம்பத்தகுந்த வழி.

பூட்டிய வளவுகள்

இறுதியாக, வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊரிலே பூட்டிக் கிடக்கும் வீடுகள் இன்று பல. அவ்வளவுகளில் அடைபட்ட பீலியும், மூடாத தொட்டியும், தூர்ந்த வாய்க்காலும் அவற்றின் உரிமையாளரை அன்று, அயலவரையே வருத்துகின்றன. வளவு பூட்டியிருக்கலாம், நீர் பூட்டுக்கு அடங்குவதன்று. ஆண்டுக்கொருமுறை, நவராத்திரிக்கு முன், நம்பகமான ஒருவரைக் கொண்டு இவ்வேலைகளைச் செய்விப்பதற்கு ஆகும் செலவு சிறிது. அதனால் விளையும் நன்மை பெரிது. ஊரின் நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் இல்லை. இலண்டனிலிருப்பவர் வளவில் இறங்கிய மழையை அடுத்த வளவுக் கிணற்றிலே ஒரு மாணவன் அள்ளிக் குடிப்பான்.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். ஒரு தகரப் பேணியும் ஓர் அடிமட்டமும் இருந்தால் நாள்தோறும் மழையை அளக்கலாம். பக்கங்கள் நேராக நிற்கும் பேணியைத் திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு காலையிலும் நீரின் உயரத்தைக் குறித்து, அத்துடன் தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தையும் கயிற்றால் அளந்து எழுதி வருவார்களாயின், ஓராண்டில் தம் வளவைப் பற்றி எப்புத்தகமும் சொல்லாத உண்மையை அறிவர். பல வீடுகளின் கணக்கு ஒன்று சேர்ந்தால் அது ஊரின் கணக்காகும்.

எம் வளவில் அப்பெரியவர் தந்த தேசிக்கன்று இன்று மரமாகிக் காய்த்து நிற்கின்றது. அவர் மறைந்துவிட்டார். ஆண்டுதோறும் புரட்டாதி பிறந்ததும் அதன் அடிப்பாத்தியை உடைத்து மண்ணணைப்பதே எம் முதல் வேலையாகும். நம் முன்னோர் இந்நீரை நமக்கு இனிப்பாகவே விட்டுச் சென்றனர். அதனை அவ்வண்ணமே நம் பிள்ளைகளின் கையிற் கொடுப்பதற்கு, வரும் மாரிக்கு முன் நாமனைவரும் நம்நம் வளவில் மண்வெட்டியோடு இறங்குவோமாக.